டிரெய்லரை எங்கே கழற்றி விடுவது? கடலூர்–பண்ருட்டி ரோட்டுக்கு ஒரு கணக்கு

புதிதாகப் படிப்பவர்களுக்காகக் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவருக்குக் கடலூரில் மாட்டுத் தீவன மொத்த வியாபாரம். ஆறு சக்கர லாரி இரண்டு, அவற்றின் பின்னால் மாட்டிக் கழற்றும் டிரெய்லர் இரண்டு. சரக்கு பண்ருட்டி ரோடு, குறிஞ்சிப்பாடி ரோடு, புதுச்சேரிப் பக்கம் பாகூர் என்று மூன்று திசையிலும் போகிறது. மெயின் ரோட்டுக் கடைகளில் டிரெய்லரோடு போய் நிற்க முடிகிறது. உள்ளே இருக்கும் பால் சங்கங்களுக்கு முடியவில்லை. தெரு குறுகல், திருப்ப இடமில்லை. டிரெய்லரை எங்கே விட்டுவிட்டு உள்ளே போவது என்பதை டிரைவரே அன்றன்றைக்குப் பார்த்துக்கொள்கிறார். கூகுள் மேப்பில் ஊர்களைப் போட்டு, பக்கத்தில் இருப்பதை முதலில் முடித்து ஓட்டிப் பார்த்தும் டீசல் செலவு குறையவில்லை. இதற்கு சாஃப்ட்வேர் உண்டா, இல்லை இன்னொரு லாரியோ டிரெய்லரோ வாங்கிவிடலாமா என்று கேட்கிறார்.

முதலில் சுருக்கமான பதில். கோளாறு கடைகளின் வரிசையில் இல்லை. டிரெய்லரைக் கழற்றும் இடத்தை டிரைவர் பொறுப்பில் விட்டதில்தான் இருக்கிறது. அந்த இடத்தையும், எந்த மூட்டை லாரியில் எந்த மூட்டை டிரெய்லரில் என்பதையும் குடோனிலேயே முடிவு செய்துவிட்டால், கடைகளின் வரிசை தானாக வந்து உட்கார்ந்துவிடும். இந்த இரண்டையும் விட்டுவிட்டு வரிசையை மட்டும் எவ்வளவு மாற்றினாலும் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது.

கூகுள் மேப்பை இதற்கு நம்பாதீர்கள். நீங்கள் கொடுக்கும் வரிசையில் வழி காட்டுமே தவிர, அது வரிசையை மாற்றித் தராது. பத்து நிறுத்தத்துக்கு மேல் வாங்கவும் வாங்காது. லாரி என்றும் டிரெய்லர் என்றும் அதற்குத் தெரியாது; கார் போகும் சந்தில் உங்களையும் அனுப்பிவிடும்.

லாரிக்கு வழி போடும் கணக்கு 1959-ல் டான்ட்சிக், ராம்சர் என்ற இருவர் ஆரம்பித்தது. பெட்ரோல் கிடங்கிலிருந்து பங்க்குகளுக்கு லாரி அனுப்புவதுதான் அவர்கள் எடுத்துக்கொண்ட உதாரணம். 1964-ல் கிளார்க், ரைட் என்ற இருவர் கையாலேயே போடக்கூடிய ஒரு முறை சொன்னார்கள்: இரண்டு கடைகளுக்குத் தனித்தனியாகப் போய் வருவதைவிட ஒரே நடையில் சேர்த்தால் எவ்வளவு தூரம் மிச்சம் என்று ஒவ்வொரு ஜோடிக்கும் கணக்கெடுத்து, அதிகம் மிச்சமாகும் ஜோடியிலிருந்து சேர்த்துக்கொண்டே போவது. இன்றைக்கும் பல சாஃப்ட்வேர்களின் அடியில் இதுதான் ஓடுகிறது. உங்களுடையது போலக் கழற்றி விடும் டிரெய்லர் உள்ள கணக்கை 2002-ல் சாவ் என்பவர் ஒரு ஒழுங்கான வடிவத்துக்குக் கொண்டுவந்து, 21 மாதிரிக் கணக்குகளையும் உருவாக்கினார். அதற்கு முன்பே சுவிட்சர்லாந்தில் மளிகைக் கடைகளுக்குச் சரக்கு போடுகிறவர்களுக்காகவும், நெதர்லாந்தில் பால் பொருளும் மாட்டுத் தீவனமும் கொண்டுபோகிறவர்களுக்காகவும் இதே மாதிரிக் கணக்கைப் போட்டிருக்கிறார்கள். ஆக, உங்கள் தொழில் ஆரம்பத்திலிருந்தே இந்தக் கணக்குக்குள் இருக்கிறது.

கம்ப்யூட்டருக்கும் இது ஏன் கஷ்டம் என்றால், பத்துக் கடைகளுக்கே 36,28,800 வரிசைகள் வரும். பதினைந்து கடை என்றால் 1.3 லட்சம் கோடி. அதன் மேல் டிரெய்லரை எங்கே விடுவது என்ற கேள்வி ஒவ்வொரு வரிசைக்கும் வேறு வேறாக வந்து நிற்கும். ஆனால் உங்களுக்கு ஒரு நாளைக்கு ஏழெட்டு நிறுத்தம்தான். நல்ல பதில் பேப்பரிலேயே கிடைக்கும்.

நம் பக்கம் லாரிக்குப் பின்னால் டிரெய்லர் மாட்டி ஓட்டுவது அபூர்வம். டிராக்டரில்தான் பார்த்திருப்போம். நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு ஏற்றும் டிராக்டர்காரர்களைக் கவனியுங்கள். இரண்டு டிரெய்லர் இழுத்து வந்தவர், ஒன்றை ரோட்டோரம் கழற்றி விட்டுவிட்டு, ஒன்றை மட்டும் கொல்லைக்குள் கொண்டுபோய் ஏற்றி வந்து நிறுத்திவிட்டு, அடுத்ததை இழுத்துப் போவார். இந்தக் கணக்கு அவருக்குக் கையில் இருக்கிறது. உங்களுக்கும் அவருக்கும் ஒரு வித்தியாசம்: அவருடைய டிராக்டரில் சரக்கு ஏறாது, உங்கள் லாரியில் ஏறும். கடைசியில் டிரெய்லர் வாங்கும் கேள்விக்கு வரும்போது இந்த வித்தியாசம்தான் பதிலைத் தீர்மானிக்கும்.

இனி எண்களுக்கு வருவோம். உங்கள் சரியான எண்கள் என்னிடம் இல்லை, அதனால் ஓர் உதாரணம் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் எண்ணைப் போட்டுத் திரும்பப் பாருங்கள். லாரியில் 8 டன், டிரெய்லரில் 6 டன் ஏறும் என்று வையுங்கள். ஐம்பது கிலோ மூட்டையில் 160, 120. பண்ருட்டி ரோட்டில் குடோனிலிருந்து பண்ருட்டி வரை 26 கிலோமீட்டர். வழியில் மெயின் ரோட்டுக் கடைகளுக்கு மொத்தம் 120 மூட்டை. நெல்லிக்குப்பம் தாண்டி 18-வது கிலோமீட்டரில் உள்ளே திரும்பினால் நான்கு ஊர். நான்கையும் சுற்றி அதே இடத்துக்கு வர 22 கிலோமீட்டர், அங்கே 150 மூட்டை.

டிரெய்லர் இல்லாமல் லாரி இரண்டு நடை அடித்தால், முதல் நடை பண்ருட்டி போய்வர 52 கிலோமீட்டர். இரண்டாவது நடை 18, உள்ளே 22, திரும்ப 18, ஆக 58. மொத்தம் 110. டிரெய்லரோடு ஒரே நடையில் போனால் 52-உம் உள்சுற்று 22-உம், மொத்தம் 74. முப்பத்தாறு கிலோமீட்டர் மிச்சம்.

இந்த முப்பத்தாறு எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். குடோனிலிருந்து டிரெய்லரைக் கழற்றும் இடம் 18, போகவர 36. அவ்வளவுதான். உள்ளே எத்தனை ஊர், எவ்வளவு சுற்று என்பதெல்லாம் இரண்டு வகையிலும் ஒன்றுதான், அடித்துப்போய்விடும். டிரெய்லர் உங்களுக்கு மிச்சப்படுத்துவது கழற்றும் இடத்துக்கு இன்னொரு தடவை போய்வரும் தூரத்தை மட்டும்.

அதற்குக் கொடுக்கும் விலையையும் பார்க்கவேண்டும். லாரி தனியாக லிட்டருக்கு 5 கிலோமீட்டர், டிரெய்லரோடு 4 என்று வையுங்கள். இரண்டு நடைக்கு 22 லிட்டர். டிரெய்லரோடு மெயின் ரோட்டில் 13, உள்ளே 4.4, ஆக 17.4. மிச்சம் 4.6 லிட்டர். லிட்டர் 92 ரூபாய் என்றால் 423 ரூபாய். கிலோமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, டீசலில் ஐந்தில் ஒரு பங்குதான் குறைந்தது. நீங்கள் எதிர்பார்த்த அளவுக்கு டீசல் இறங்காததற்கு முதல் காரணம் இதுவே. மெயின் ரோடு முழுக்க டிரெய்லரை இழுப்பதற்கே 2.6 லிட்டர் கூடுதலாகப் போகிறது.

அடுத்தது நேரம். கழற்ற 20 நிமிடம், திரும்ப மாட்ட 20 நிமிடம். அவசரமில்லாமல் ஒழுங்காகச் செய்தால் அவ்வளவு ஆகும்: சக்கரத்துக்குக் கட்டை, டிரெய்லரின் ஹேண்ட் பிரேக், முன்னால் ஜாக்கி ஸ்டாண்டு, ஏர் ஹோஸ், லைட் பிளக், கடைசியில் பின். மாட்டும்போது இதே வேலை தலைகீழாக, அத்தோடு லாரியைப் பின்னால் எடுத்துக் கொக்கிக்கு நேராக நிறுத்தும் வேலை. கிளீனர் புதுப் பையன் என்றால் அதிலேயே பத்து நிமிடம் போகும். நாற்பது நிமிடம் இதற்குப் போக, 36 கிலோமீட்டர் குறைந்ததால் மணிக்கு 30 என்ற வேகத்தில் 72 நிமிடம் மிச்சம். கையில் நிற்பது 32 நிமிடம்.

இப்போது கணக்கைத் திருப்பிப் போடுங்கள். கழற்றும் இடம் எவ்வளவு பக்கத்தில் இருந்தால் டிரெய்லரால் லாபமில்லை? டீசலை மட்டும் பார்த்தால் 6.5 கிலோமீட்டருக்குள் நஷ்டம். நேரத்தைப் பார்த்தால் 10 கிலோமீட்டருக்குள் நஷ்டம். உங்கள் ஆட்கள் கழற்ற, மாட்ட அரை அரை மணி எடுத்தால் அந்த எல்லை 15-க்குப் போய்விடும். செம்மண்டலம், கோண்டூர் பக்கத்து உள் ஊர்களுக்காக டிரெய்லரைக் கழற்றுவது வீண் வேலை; அவற்றை டிரெய்லர் மாட்டாத நாளில் தனி நடையாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் டிரைவர் கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை கழற்றி மாட்டுகிறார் என்றால், அவர் கிலோமீட்டரைக் குறைத்து நாளை நீட்டிக்கொண்டிருக்கிறார்.

பண்ருட்டி ரோட்டில் எது முதலில், உள்சுற்றா மெயின் ரோடா? இதில்தான் சாஃப்ட்வேருக்குத் தெரியாத விஷயம் இருக்கிறது. போகும்போதே 18-வது கிலோமீட்டரில் கழற்றி உள்ளே போய்வந்து பிறகு பண்ருட்டி போனாலும் 74 கிலோமீட்டர். பண்ருட்டி வரை முடித்துவிட்டு, திரும்பும் வழியில் கழற்றி உள்ளே போனாலும் 74. ஒரு கிலோமீட்டர்கூட மாறாது. ஆனால் முதல் முறையில், உள்சுற்று முடிந்து வரும் லாரி காலி. அதன் பின்னால் நீங்கள் மாட்டுவது மூட்டை நிறைந்த டிரெய்லர். காலி லாரிக்குப் பின்னால் பாரமான டிரெய்லர் வந்தால், பிரேக் மிதிக்கும்போது பின்னாலிருந்து முட்டும். "வண்டி தள்ளுதுண்ணே" என்று டிரைவர் சொன்னால் அதுதான் அர்த்தம். மழைத் தண்ணீர் நிற்கும் ரோட்டில் லாரியின் பின்புறத்தையே பக்கவாட்டில் இழுத்துப்போடும். அரவை நடக்கும் காலத்தில் நெல்லிக்குப்பம் ரோட்டில் முன்னால் கரும்பு வண்டி திடீரென்று நின்றால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அதனால் மெயின் ரோடு முதலில். டிரெய்லரிலிருந்து மட்டும் இறக்கிக்கொண்டே பண்ருட்டி வரை போங்கள். லாரியின் பாரம் அப்படியே இருக்கும், டிரெய்லர் காலியாகிக்கொண்டே வரும். திரும்பி வந்து காலி டிரெய்லரைக் கழற்றி விட்டுவிட்டு, லாரியோடு உள்ளே போங்கள். இதில் வேறு லாபங்களும் உண்டு. விட்டுப்போகும் டிரெய்லரில் சரக்கு இல்லை. காவலுக்கு ஆள் வேண்டாம், தார்ப்பாய் வேண்டாம், மழை வந்தால் பயமில்லை. மாட்டும்போதும் காலி டிரெய்லரை நேர்செய்வது சுலபம்.

நேரமும் இதற்கு ஒத்துவருகிறது. மெயின் ரோட்டுக் கடைகள் ஒன்பது, ஒன்பதரைக்குத் திறக்கும். பால் சங்கத்தில் காலைக் கறவை முடிந்தால் கதவைச் சாத்திவிடுவார்கள். மாலைக் கறவைக்குத்தான் மறுபடி ஆள் வரும். பகல் பன்னிரண்டு மணிக்கு உள்ளே போய்ச் செயலாளருக்குப் போன் போட்டுக் காத்திருப்பதைவிட, மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு இரண்டு, இரண்டரைக்குக் கழற்றி, மூன்று மணிக்கு முதல் சங்கத்தில் நிற்பது நல்லது. சங்கத்துக்குச் சங்கம் நேரம் மாறும். நான்கு ஊர் நேரத்தையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நான்கு ஊருக்கு 24 வரிசைதான். எதிர்த்திசையும் ஒரே தூரம் என்பதால் பாதியைக் கழித்தால் 12. தூரத்தையும் நேரத்தையும் வைத்துக்கொண்டு கால் மணியில் தேர்ந்தெடுத்துவிடலாம். வெளிச்சம் இருக்கும்போதே டிரெய்லரை மாட்டிவிட வேண்டும் என்பதையும் கணக்கில் சேருங்கள். கார்த்திகை, மார்கழியில் ஆறு மணிக்கு இருட்டிவிடும்.

இதெல்லாம் நடக்க ஒரு நிபந்தனை உண்டு: உள் ஊர் மூட்டை அத்தனையும் லாரியில், மெயின் ரோட்டு மூட்டை அத்தனையும் டிரெய்லரில் இருக்கவேண்டும். குடோனில் லோடுமேன்கள் கைக்கு வந்த வண்டியில் அடுக்கிவிட்டால் போச்சு. முந்தின நாள் மாலையே பில்லை இரண்டு கட்டாகப் பிரித்துக் கொடுங்கள். லாரிக்குள் அடுக்கும்போது கடைசி ஊர் உள்ளே, முதல் ஊர் வாயில். சாவ் வகுத்த கணக்கில் டிரெய்லரிலிருந்து லாரிக்குச் சரக்கை மாற்றிக்கொள்ளலாம் என்று வரும். மாற்றும் செலவு பெரிதாகக் கணக்கில் வராது. நார்வேயில் பால் சேகரிக்கும் டேங்கர்களுக்கு அது சரி. லாரி பண்ணை பண்ணையாகப் போய்ப் பாலை எடுத்து வந்து, ரோட்டோரம் நிற்கும் டிரெய்லர் டேங்கில் பம்ப் வைத்து ஊற்றிவிட்டு மறுபடி போகும். பால் பம்பில் ஓடும். தீவன மூட்டை தோளில்தான் ஏறும், அதற்குக் கூலியும் உண்டு. இப்படிப்பட்ட ஒரு சாஃப்ட்வேரை வாங்கி, சரக்கு மாற்றுவதற்கு நேரமே போடாமல் ஓட்டினால், திரையில் அழகான வழி வரும். களத்தில் லோடுமேன் சண்டைக்கு வருவார்.

உள்ளே 190 மூட்டை ஆர்டர் வந்துவிட்டது, லாரியில் ஏறுவது 160 என்றால்? முப்பது மூட்டைக்காக இன்னொரு உள்சுற்று அடிக்காதீர்கள். அவசரமில்லாத சங்கத்துக்கு அடுத்த முறை போடலாம். இல்லையென்றால் தள்ளி இருக்கும் ஒரு ஊருக்கு மட்டும், டிரெய்லரைக் கழற்றும் இடத்திலிருந்து உள்ளூர் பிக்கப் வண்டி ஒன்றைப் பேசி அனுப்பலாம். முப்பது மூட்டை ஒன்றரை டன். குட்டியானை தாங்காது, பிக்கப்தான் வேண்டும். லாரியிலேயே திணித்துவிடலாம் என்ற யோசனை மட்டும் வேண்டாம். 2018-ல் அச்சு பார வரம்பை உயர்த்தினார்கள் என்பது உண்மைதான், நான்கு டயர் உள்ள ஒற்றை அச்சுக்கு 10.2 டன் இருந்தது 11.5 ஆனது. ஆனால் உங்கள் ஆர்.சி. புக்கில் என்ன எடை இருக்கிறதோ அதுதான் உங்களுக்கு வரம்பு.

கழற்றும் இடத்துக்கு வருவோம். ரோட்டோரப் புளியமரத்தடி வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 122-வது பிரிவு, வண்டியையோ டிரெய்லரையோ பொது இடத்தில் மற்றவர்களுக்கு ஆபத்தோ இடைஞ்சலோ ஆகும்படி விட்டுப்போகக் கூடாது என்று டிரெய்லரைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. இரவில் லைட் இல்லாமல் நிற்கும் டிரெய்லரில் பைக் மோதுவது நம் ரோடுகளில் புதிதல்ல. சட்டப்படி டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனம். அதற்குத் தனிப் பதிவெண், தனி எஃப்.சி. (தகுதிச் சான்று), இன்சூரன்ஸ். இந்த மூன்றும் நடப்பில் இருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள். லாரிக்கு மட்டும் புதுப்பித்துவிட்டு டிரெய்லரை மறந்துவிடுகிறவர்கள் உண்டு.

தனியார் களமாகப் பிடியுங்கள். தரை கெட்டியாக இருக்கவேண்டும். மண் களம் என்றால் ஐப்பசி மழையில் ஜாக்கி ஸ்டாண்டு ஒரு சாண் உள்ளே போய்விடும். பிறகு டிரெய்லரின் கழுத்தைத் தூக்க இன்னொரு ஜாக்கி தேட வேண்டியதுதான். திரும்பி வரும்போது இடக்கைப் பக்கம் இருந்தால் நல்லது. எதிர்ப்பக்கம் இருந்தால் டிரெய்லரோடு ரோட்டைக் குறுக்கே கடக்க வேண்டிவரும், அதுவும் இரண்டு தடவை. உள்ளே நுழைந்து ரிவர்ஸ் எடுக்காமல் வெளியே வர முடியவேண்டும். டிரெய்லரோடு ரிவர்ஸ் எடுப்பதில் கைதேர்ந்த டிரைவர் உங்களிடம் இருக்கலாம். அவர் லீவு போட்ட நாளில் என்ன செய்வீர்கள்? கல்யாண மண்டபத்து இடம் பார்க்க நன்றாக இருக்கும், முகூர்த்த நாளில் கிடைக்காது. பெட்ரோல் பங்க் கிடைத்தால் நல்லது, ஆனால் மூன்று மணி நேரம் நிறுத்த விடமாட்டார்கள். என் ஓட்டு ரைஸ் மில்லுக்கு. நெல் காயப்போடும் சிமெண்ட் களம் இருக்கும், லாரி திரும்பும் இடம் இருக்கும், வாட்ச்மேன் இருப்பார். அதோடு தவிடும் இருக்கும். தவிடும் நீங்கள் விற்கும் பொருள்தானே? நீங்கள் உள்சுற்று போகும் மூன்று மணி நேரமும் காலி டிரெய்லர் சும்மாதான் நிற்கிறது. அந்த நேரத்தில் மில் ஆட்கள் அதில் தவிட்டை ஏற்றிவிட்டால், வெறும் வண்டியாகத் திரும்பும் 18 கிலோமீட்டருக்கும் சரக்கு கிடைத்துவிட்டது. டீசலில் மிஞ்சும் நானூறு ரூபாயைவிட இதில் கிடைப்பது அதிகமாக இருக்கும். டிரெய்லரில் பாதிக்கு மேல் ஏற்ற விடாதீர்கள், மீதியை லாரியில் போடச் சொல்லுங்கள். காலி லாரியைப் பாரமான டிரெய்லர் தள்ளும் கதை இங்கேயும் பொருந்தும்.

மழைக்காலத்துக்கு என்று இரண்டாவதாக ஒரு களமும் கைவசம் வேண்டும். 2015 வெள்ளத்தையும், 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலைத் தொடர்ந்து தென்பெண்ணையில் வந்த தண்ணீரையும் பார்த்த ஊர் நம்முடையது. ஆற்றுப் பக்கம் இருக்கும் களத்தை நம்பி டிசம்பர் முதல் வாரத்துக்குத் திட்டம் போட முடியாது.

குறிஞ்சிப்பாடி ரோடு உங்களுக்கு இன்னும் நல்ல ரோடு. குள்ளஞ்சாவடி தாண்டிக் குறிஞ்சிப்பாடி போவதற்குள் இருபது கிலோமீட்டருக்கு மேல் ஆகிவிடும். கழற்றும் இடம் தூரமாக இருக்க இருக்க டிரெய்லருக்கு லாபம் என்று பார்த்தோம். வடலூர் வரை மெயின் ரோட்டில் முடித்துவிட்டு, திரும்பும்போது குறிஞ்சிப்பாடிப் பக்கம் கழற்றினால் சரியாக வரும். தைப்பூசத்தை ஒட்டி இரண்டு நாள் வடலூர் பக்கமே போகாதீர்கள். ஜோதி தரிசனக் கூட்டத்தில் டிரெய்லரோடு மாட்டினால் அன்றைய பொழுது அங்கேயே.

பாகூர் பக்கத்துக்கு டிரெய்லரே வேண்டாம் என்பது என் கருத்து. கடலூரிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். நம் கணக்கில் எல்லைக்கோட்டில் நிற்கிறது. வயலுக்கு நடுவே குறுகிய ரோடுகள், பெரும்பாலும் உள் ஊர்கள். லாரி மட்டும் இரண்டு நடை அடிக்கட்டும். புதுச்சேரி எல்லைக்குள் டீசல் விலை குறைவு என்பதால் அங்கேயே நிரப்பிக்கொள்ளலாம், அதனாலும் டிரெய்லர் மிச்சப்படுத்தும் டீசலின் மதிப்பு குறைகிறது. புதுச்சேரி நகரத்துக்குள் வியாபாரம் நீட்டும் எண்ணம் இருந்தால், முருங்கப்பாக்கம், மரப்பாலம் நெரிசலையும் ஏ.எஃப்.டி. மில் பக்கத்து ரயில்வே கேட்டையும் தாண்டித்தான் போகவேண்டும். கனரக வண்டிகளுக்கு நேரக் கட்டுப்பாடு இருக்கும், போக்குவரத்துப் போலீசிடம் அப்போதைய நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் லாரி முனையம் இருக்கிறதே, அங்கே டிரெய்லரை விடலாமே என்று சிலர் சொல்வார்கள். அது திண்டிவனம், விழுப்புரம் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்குச் சரி. கடலூரிலிருந்து போகிறவர் ஊரையே தாண்டிப் போய்க் கழற்றிவிட்டு மறுபடி ஊருக்குள் வரவேண்டும்.

பேப்பர் விஷயமும் ஒன்று. பாகூர் சுற்றுவட்டாரத்தில் ஒரு ஊர் கடலூர் மாவட்டம், அடுத்த ஊர் புதுச்சேரி. தீவனத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது என்பதால் உங்களுக்கு இ-வே பில் (சரக்கு கொண்டுபோக ஆன்லைனில் எடுக்கும் சீட்டு) தொல்லை குறைவு. ஆனால் வண்டியில் இடம் இருக்கிறதே என்று சிமெண்ட் மாதிரி வரி உள்ள சரக்கை ஏற்றினால், தமிழ்நாட்டுக்குள் 1 லட்சம் ரூபாய் வரை இல்லாத பில், எல்லை தாண்டினால் 50,000 ரூபாய்க்கு மேலேயே வேண்டும். வழியில் சரக்கை வேறு வண்டிக்கு மாற்றினால், பில்லில் வண்டி எண்ணையும் மாற்றியாக வேண்டும்.

சாஃப்ட்வேர் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கூகுள் இலவசமாகக் கொடுக்கும் ஓ.ஆர்.-டூல்ஸ் நல்ல சாமான். புரோகிராம் எழுதத் தெரிந்த பையன் ஒருவன் வேண்டும். டிரெய்லரைக் கழற்றி மாட்டும் வசதி அதில் நேரடியாக இல்லை. அதற்கு ஒரு குறுக்கு வழி இருக்கிறது. உள் ஊர்கள் நான்கையும் தனித்தனிக் கடையாகக் கொடுக்காமல், கழற்றும் களத்தை ஒரே பெரிய கடையாகக் கொடுங்கள். அந்தக் கடையில் நிற்கும் நேரம் என்ற இடத்தில் உள்சுற்று நேரத்தையும் கழற்றி மாட்டும் நாற்பது நிமிடத்தையும் கூட்டிப் போடுங்கள். மூட்டைக்கு இரண்டு தனிக் கணக்கு வையுங்கள், லாரிக்கு 160, டிரெய்லருக்கு 120. களம் என்ற கடை லாரிக் கணக்கிலிருந்தும் மற்ற கடைகள் டிரெய்லர் கணக்கிலிருந்தும் எடுக்கட்டும். மீதியை அது பார்த்துக்கொள்ளும். ஆனால் மூன்று திசைக்கும் மூன்று களம் பிடித்துவிட்ட பிறகு, உங்கள் அளவு வியாபாரத்துக்கு அந்த சாஃப்ட்வேர் சொல்வதும் நீங்கள் நோட்டில் எழுதியதும் பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கும். ஐம்பது கடைக்கு மேல் போகும்போது யோசியுங்கள்.

அதற்கு முன் ஒரு கணக்கை எடுத்துவையுங்கள்: உங்கள் மூட்டையில் எத்தனை சதவீதம் டிரெய்லர் போக முடியாத ஊர்களுக்குப் போகிறது? கடைகளை எண்ணாதீர்கள், மூட்டையை எண்ணுங்கள். சாவ் தன் மாதிரிக் கணக்குகளை, டிரெய்லர் போக முடியாத கடைகள் 25, 50, 75 சதவீதம் என்று மூன்று விதமாகப் பிரித்துக் கொடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. இந்த எண் மாறினால் நல்ல வழியின் வடிவமே மாறிவிடும். உங்கள் லாரிக்கும் டிரெய்லருக்கும் 55 சதவீதத்துக்குப் பக்கத்தில் இருந்தால் கச்சிதம். 75-க்கு மேல் போனால் டிரெய்லர் பாதி காலியாக ஓடும். அந்தத் திசைக்கு லாரி மட்டும் போதும்.

கடைசியாக, வாங்கும் விஷயம். மூன்றாவது டிரெய்லர் இருந்தால் ஒன்று எப்போதும் குடோனில் நின்று ஏறிக்கொண்டிருக்கும், லாரி வந்ததும் மாட்டிக்கொண்டு கிளம்பலாம் என்று நினைப்பீர்கள். கரும்பு டிராக்டருக்கு அது பொருந்தும், கன்டெய்னர் இழுக்கும் வண்டிக்கும் பொருந்தும். அவை இழுப்பதோடு சரி. உங்கள் லாரியின் பாடியிலும் 160 மூட்டை ஏற வேண்டியிருக்கிறது. அது ஏறி முடியும்வரை டிரெய்லர் தயாராக இருந்து என்ன பயன்? மூன்றாவது டிரெய்லருக்கு ஒரே ஒரு இடத்தில்தான் வேலை உண்டு: ரைஸ் மில்லில் இரவு முழுக்க நிறுத்தித் தவிடு ஏற்றி வைத்து, மறுநாள் காலி டிரெய்லரை அங்கே விட்டுவிட்டு ஏற்றியதை இழுத்துவருவதற்கு. தவிட்டில் அவ்வளவு வியாபாரம் இருந்தால் வாங்குங்கள். லாரியைப் பொறுத்தவரை, பண்ருட்டியும் குறிஞ்சிப்பாடியும் டிரெய்லரோடு ஒரே நடையில் முடிந்துவிட்டால் அந்தந்த நாளின் இரண்டாவது நடை மிச்சமாகிறது. பாகூருக்கு அந்த நடைகளை ஒதுக்குங்கள். அப்போதும் ஆர்டர் தேங்கினால் அன்றைக்கு லாரிக் கடன் பேசலாம்.